அண்ணன் பெயருக்கு ஒரு கயிறு

இது கற்பனை இல்லை. நடந்தது. ஜமுனாமரத்தூரில் உரக்கடை வைத்திருக்கிற குணசீலனுக்கு நடந்தது. நம்ப மாட்டேன் என்கிறவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். நம்பாமல் இருக்க முடிந்திருந்தால் குணசீலனுக்கும் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அன்றைக்குப் பயந்தது உண்மைதான். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றதை நினைத்துப் பயந்ததைவிட, தான் செய்ததை நினைத்து நடுங்கியதுதான் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா வந்த வருஷத்துத் தீபாவளி. ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் நம் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த காலம்.

குணசீலன் குடும்பத்தில் தீபாவளி என்றால் பட்டாசு அப்புறம்தான், முதலில் நோன்பு. அமாவாசையன்று கேதார கௌரி நோன்பு எடுப்பார்கள். அதிரசம் சுட்டு, முறத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் கொம்போடு வைத்துப் படைப்பார்கள். குடும்பத்தில் இருக்கிற ஒவ்வொரு உயிருக்கும் ஒரு மஞ்சள் கயிறு அந்த முறத்தில் இருக்க வேண்டும். பூசை முடிந்ததும் அதைக் கையில் கட்டிக்கொள்வார்கள். வெளியூரில் இருக்கிறவனுக்கும் கயிறு உண்டு. யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். செத்தவர்களுக்குத்தான் கயிறு கிடையாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் நோன்பே கிடையாது. ஒரு தடவை விட்டுப்போனால் திரும்ப எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அம்மா போன பிறகு அந்த நோன்பை விடாமல் காப்பாற்றி வருவது குணசீலன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று பிள்ளைகள். மூத்தவர் ராஜாக்கண்ணு, திருப்பத்தூரில் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டினார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. அடுத்தவன் குணசீலன். கடைசி வெண்ணிலா, கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புகுந்த வீட்டில் நோன்பு இல்லை. அதனால் வருஷா வருஷம் கயிறு கட்டிக்கொள்ளப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த வருஷமும் எல்லாரும் கூட வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது குணசீலன்தான். “மலைக்கு கொரோனா ஏறாது. கீழதான் ஆஸ்பத்திரி ஃபுல்லு. எல்லாரும் மேல வந்துடுங்க, நாலு நாள் நிம்மதியா இருக்கலாம்” என்று போனில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டான். கொரோனா என்னவோ பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும் என்பது அவன் கணக்கு. கேட்டில் சானிடைசர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டான். நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கிற கருவி ஒன்றும் வாங்கினான். ஒழுங்காகத்தான் ஏற்பாடு செய்தான், ஒரே ஒரு விஷயம் தவிர.

அண்ணனை என்ன செய்வது?

ராஜாக்கண்ணு அந்த ஏழெட்டு மாதமாகக் கொரோனா கேஸ்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோயாளி, சில நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சுடுகாட்டுக்குப் பிணம். சித்தப்பா ஆதிநாராயணனிடம் போனில் பேசியபோது அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: “எனக்கு சக்கர கீது, பி.பி. கீது. அவன் வந்தா நான் வரமாட்டேன்டா குணா.”

குணசீலன் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், சித்தப்பா வாயிலிருந்து அது வந்ததில் அவனுக்குச் சந்தோஷம். அவன் மனதிலும் அதுதான் இருந்தது. சொல்கிற கெட்ட பெயர் இன்னொருத்தருக்குப் போனது.

ஆடி மாதத்தில் அவன் மனைவி ஷோபனாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மலையேறி வந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது அண்ணன்தான். ரிசல்ட் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெறும் சளிதான் என்று தெரிந்ததும், “பன்னு துன்னும்மா” என்று வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். இதெல்லாம் குணசீலனுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வாட்ஸ்அப்பில் ‘நம்ம குடும்பம்’ என்று பழைய குரூப் ஒன்று இருந்தது. அதில் அண்ணனும் உண்டு. குணசீலன் ‘மலை தீபாவளி’ என்று அண்ணன் இல்லாமல் இன்னொரு குரூப் ஆரம்பித்தான். யார் எப்போது வருவது, யார் அரிசி மாவு கொண்டுவருவது எல்லாம் அதில்தான். பழைய குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் போட்டான்: ‘இந்த வருஷம் யாரும் வர வேணாம். அவங்கவங்க வூட்டுலயே இருப்போம். நோன்பு மட்டும் நானும் ஷோபனாவும் சுருக்கமா எடுத்துடறோம்.’

கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. எழுதத் தெரிந்தும் எழுதப் பொறுமை இல்லாத ஆள். குரலில்தான் பேசுவார். “சரிடா குணா. அதான் நல்லது. எனக்கும் ஒரு கயிறு போட்டு வை. இதெல்லாம் ஓஞ்சப்பறம் வந்து வாங்கிக்கறேன்.”

குணசீலன் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

நோன்பு நாள் காலை. வீடு நிறைய ஆட்கள். வெண்ணிலா, அவள் கணவன் மணிவேல், அவர்களுடைய ஏழு வயதுப் பெண் பூவிழி. சித்தப்பா ஆதிநாராயணன் மூக்குக்குக் கீழே மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லாரையும் “மாஸ்க் போடுங்க” என்று அதட்டிக்கொண்டிருந்தார். மலையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பின்பக்கச் சமையல் கொட்டகையில் விறகடுப்பு மூட்டி, ஷோபனா அதிரசம் சுட்டாள். கயிறுகளை அவளே மஞ்சளில் நனைத்து முடிச்சுப் போட்டு, ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தாள்.

சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

“ஒண்ணு அதிகமா கீதே. யாருக்கு?”

“பெரியவருக்கு மாமா” என்றாள் ஷோபனா.

“தினம் பொணம் ஏத்தறான் அவன். அவன் பேருக்குக் கயிறு போட்டு நம்ம கயித்தோட வெச்சா, இது நோன்பா? தீட்டு ஒட்டாதா? நான் கையில கட்டமாட்டேன், சொல்ட்டேன்.”

ஷோபனா நிமிர்ந்து குணசீலனைப் பார்த்தாள். நீ சொல்லு என்கிற பார்வை. ஒரு வார்த்தை போதும். ‘அண்ணன் கயிறு இருக்கட்டும் சித்தப்பா’ என்றால் கிழவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்.

குணசீலன் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு வம்பு என்று நினைத்தான். தட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. பார்க்கிறவர்கள் கேட்பார்களே என்று, குனிந்து அடுப்புக்குள் போட்டான்.

ஈரக் கயிறு. உடனே எரியவில்லை. ஸ்ஸ்... என்று சுருண்டது. மஞ்சள் கருகுகிற வாடை வந்தது.

ஷோபனா சட்டியில் இருந்த அதிரசத்தைத் திருப்பிப் போட்டாள்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது. மணி பதினொன்றரை இருக்கும்.

குணசீலன் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? பூவிழி கத்திக்கொண்டு ஓடுகிறாள், சித்தப்பா சத்தமாகப் பேசுகிறார், முன்பக்கம் மணிவேல் சரம் கொளுத்துகிறான். எடுத்த மறுகணம் குட்டு உடைந்துவிடும். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறையும் அடித்தது. ஓய்ந்ததும் ஒரு மெசேஜ் தட்டினான்: ‘டவர் இல்லண்ணா. அப்புறம் பேசறேன்.’

டவர் இல்லாத இடத்திலிருந்து மெசேஜ் மட்டும் எப்படிப் போகும் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. பொய் சொல்கிறவனுக்கு அவசரத்தில் மூளை வேலை செய்யாது.

அதற்குப் பிறகு போன் வரவில்லை.

மதியத்துக்கு மேல் பெரிய மழை. காற்று மரங்களைப் போட்டு உலுக்கியது. மின்சாரம் போய்விட்டது. எல்லாரும் உள்ளே உட்கார்ந்து கதை பேசினார்கள். குணசீலனுக்கு மட்டும் அந்தக் கருகல் வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். சானிடைசர் தேய்த்தான். திரும்பவும் முகர்ந்தான்.

மஞ்சள் கருகிய வாடை...

“இன்னாங்க, கைய கைய மோந்து பாத்துகினு?” என்றாள் ஷோபனா.

“ஒண்ணுமில்ல.”

மழை விட்டது. நாலரை வாக்கில் அவன் கொட்டகைக்கு விறகு எடுக்கப் போனான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்...

கனமான பிளாஸ்டிக் தாளை யாரோ மடிப்பது போல. பக்கத்துத் தோட்டக்காரர் தார்ப்பாய் மூடுகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. ஈரப் புல் மட்டும் இருந்தது. சத்தமும் நின்றிருந்தது.

அவன் விறகோடு திரும்பினான். இரண்டடி வைத்தான்.

சரக்...

திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். மூடுபனி இறங்கிவிட்டது. கேட் தெரிகிறது, அதற்கு அப்பால் ரோடு தெரியவில்லை. அகல் விளக்கு வெளிச்சத்தில் பூசை நடந்தது. கற்பூரம் காட்டினார்கள். ஷோபனா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கயிறு கட்டினாள். சித்தப்பாவுக்கு, மணிவேலுக்கு, வெண்ணிலாவுக்கு, பூவிழிக்கு. பிறகு குணசீலனுக்கு. கடைசியில் வெண்ணிலா அண்ணிக்குக் கட்டிவிட்டாள்.

எல்லாருக்கும் கட்டியாயிற்று.

முறத்தில் ஒரு கயிறு மிச்சம் இருந்தது.

ஷோபனாவின் முகம் மாறியது. அவள் சுற்றி இருந்தவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லார் கையிலும் கயிறு இருந்தது. திரும்ப முறத்தைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு, ஈரம் காயாமல், அதிரசத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

“நீங்கதான அடுப்புல...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“தப்பா எண்ணிட்டிருப்ப” என்றான் குணசீலன். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அப்போது பூவிழி ஜன்னலிலிருந்து திரும்பினாள். இவ்வளவு நேரம் அவள் அங்கே நின்று வெளியே யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை.

“மாமா, பெரிய மாமா வந்துகீறாரு.”

“யாரு?”

“பெரிய மாமா. கேட்டாண்ட நிக்கிறாரு. வெள்ள டிரஸ்ஸு போட்டுகினு.”

வெண்ணிலா குணசீலனைப் பார்த்தாள். சித்தப்பா இறங்கிக் கிடந்த மாஸ்க்கைச் சட்டென்று மூக்குக்கு மேல் ஏற்றினார்.

குணசீலனுக்கு அந்த நிமிஷம் பேய் பயமெல்லாம் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்கிற பயம்தான். அண்ணன் எல்லாரையும் பார்த்திருப்பார். வாசலில் வெண்ணிலாவின் கார் நிற்கிறது. எதைச் சொல்லிச் சமாளிப்பது? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கை தானாக அந்த மிச்சக் கயிற்றை எடுத்தது. இதையாவது கொடுத்துவிடலாம். உனக்கும் போட்டேன் அண்ணா என்றாவது சொல்லலாம்.

“யாரும் வெளிய வராதீங்க” என்றான்.

கதவைத் திறந்தான். கருகல் வாடை குப்பென்று அடித்தது.

கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றிருந்தார். கொரோனா கேஸ் ஏற்றும்போது போடுகிற வெள்ளை உடை, தலையையும் சேர்த்து மூடியது. முகத்தில் மாஸ்க். கண் மட்டும் தெரிந்தது. அண்ணன் கண்தான். அதில் சந்தேகமே இல்லை. இடுப்புக்குக் கீழே பனி மூடியிருந்தது. அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிறது... ஆனால் எஞ்சின் சத்தம் இல்லை.

தெருநாய் ஒன்று எப்போதும் அந்தக் கேட்டில் படுத்திருக்கும். அதைக் காணோம்.

“ண்ணா...” என்றான் குணசீலன்.

“அங்கயே நில்லு.”

குரல் போனில் கேட்பது போல் இருந்தது. பக்கத்தில் நிற்கிறார், ஆனால் எங்கிருந்தோ வருகிறது.

குணசீலன் ஓரடி முன்னால் வைத்தான். அண்ணன் ஓரடி பின்னால் போனார். காலெடுத்து வைத்த மாதிரியே தெரியவில்லை.

சரக்...

“கிட்ட வராதடா. ஒட்டிக்கும்.”

“நீ... உள்ள வாண்ணா.”

அதைச் சொல்லும்போதே, வந்துவிடுவாரோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அண்ணனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கண் லேசாகச் சுருங்கியது. சிரித்தால் அப்படித்தான் சுருங்கும்.

“நான் வரல. எல்லாரும் வந்துட்டாங்களா?”

“...வந்துட்டாங்கண்ணா.”

“ஒருத்தரயும் உடலியே?”

அவர் குத்திக் காட்டவில்லை. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது போல்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

“நோன்பு முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சிச்சு.”

“எல்லாருக்கும் கட்டியாச்சா?”

“ம்.”

“பாப்பாவுக்கு?”

“கட்டியாச்சுண்ணா... உனக்கும் போட்டு வெச்சிருக்கேன். இந்தா.”

கயிற்றை நீட்டினான்.

அண்ணன் அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எனக்கு வேணாம்டா. எனக்கு இனிமே கயிறு இல்ல.”

“அண்ணா, நான் வேணும்னு...”

“சரி, உடு. நோன்பு முடியட்டும்னுதான் நின்னேன்.”

சிவப்பு விளக்கு ஒரு சுற்று சுற்றியது. அண்ணன் இருந்தார்.

“இனிமே போன் வரும். எடு.”

இன்னொரு சுற்று.

அண்ணன் இல்லை.

விளக்கு இல்லை.

வண்டியும் இல்லை. பனி மட்டும் இருந்தது.

குணசீலன் கையைப் பார்த்தான். கயிறு இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சாம்பல்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

இந்த முறை எடுத்தான். அண்ணன் எண் இல்லை, வேறு எண். “நான் தங்கவேலு பேசறேங்க. உங்கண்ணன்கூட வண்டி ஓட்றவன்...” அந்தப் பக்கம் அழுகை. “அண்ணன் போய்ட்டாருங்க. மதியமே போய்ட்டாரு. மூணு நாளா ஆஸ்பத்திரிலதான் இருந்தாரு, கொரோனாதான். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்ட்டாரு. எனக்கு எதுனா ஆனா, வெளக்கு வெச்சி நோன்பு முடிஞ்சப்பறம்தான் என் தம்பிக்குச் சொல்லணும், அதுக்கு முன்ன சொன்னா தீட்டாயிடும், வந்த புள்ளைங்க ஏமாந்துடும்னு சத்தியம் வாங்கிட்டாரு. சாயந்தரமே எரிச்சிட்டாங்க. சொந்தம்னு யாருமில்ல, நான்தான் நின்னேன்.”

வந்த புள்ளைங்க.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

குணசீலன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். மணிவேல் ஓடிவந்து போனை வாங்கிக் கேட்டான். வெண்ணிலாவின் அலறல் உள்ளே எழுந்தது. சித்தப்பா தன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தபடி நின்றார். அவர் பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்பது அன்று இரவே தெரிந்தது. பூவிழிதான். போன வாரம் அம்மாவின் போனை எடுத்து விளையாடுகிறபோது பெரிய மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். “நாங்கல்லாம் மலைக்குப் போறோம், நீ எப்ப வருவ?” என்று கேட்டிருக்கிறாள். “எனக்கு டூட்டி கீது கண்ணு, நீங்க போய்ட்டு வாங்க” என்றாராம். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் குணசீலனும் மணிவேலும் பைக்கில் திருப்பத்தூருக்குக் கிளம்பினார்கள். மலைப்பாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ரோட்டை முழுசாக அடைத்துக் கிடந்தது. ஆட்கள் கோடாலியோடு நின்றிருந்தார்கள்.

“எப்ப விழுந்துச்சு?” என்று கேட்டான் மணிவேல்.

“நேத்து மத்தியானம், அந்த மழையிலயே. அதுலேந்து ஒரு சைக்கிள்கூட மேல ஏறலைங்க.”

மணிவேல் மச்சானைப் பார்த்தான். குணசீலன் பார்க்கவில்லை. பைக்கை அங்கேயே விட்டுவிட்டு மரத்தின் மேல் ஏறித் தாண்டினார்கள். மறுபக்கம் வந்து நின்ற ஒரு வண்டிக்காரரைக் கெஞ்சிக் கேட்டு அதில் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கவேலு ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு இருக்கும். ராத்திரியெல்லாம் தூங்காத கண். அண்ணனுடைய பையைக் குணசீலனிடம் கொடுத்தான். பைக்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, அணைந்துபோன போன்.

“கஷ்டப்பட்டாரா?” என்று கேட்டான் குணசீலன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

“இல்லைங்க. நேத்து காலையில நல்லாத்தான் இருந்தாரு. ஆக்சிஜன்கூட எடுத்துட்டாங்க. நான் கவச உடுப்பு போட்டுகினு உள்ள போய் பக்கத்துல இருந்தேன். ரெண்டு இட்லி துன்னாரு. இன்னும் ரெண்டு நாள்ல வூட்டுக்குப் போலாம்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. பதினோரு மணிக்கு மேல, திடீர்னு எழுந்து உக்காந்து, தம்பிகிட்ட பேசணும்னாரு. மூணு தபா அடிச்சாரு. நீங்க எடுக்கல. அப்பறம் உங்க மெசேஜ் வந்துச்சு. அத்த பாத்துட்டு சிரிச்சாரு. டவரு இல்லியாம், மெசேஜ் மட்டும் வருதாம்னு.”

குணசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான்தான் சமாதானம் சொன்னேங்க. நோன்பு வேலையில இருப்பாங்கண்ணா, உனக்கும் கயிறு போட்டு வெச்சிருப்பாங்க, போய் கட்டிக்கலாம்னேன். அதுக்கு அவரு ஒண்ணு சொன்னாரு. அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் மனசுல ஓடினே இருக்குது. கோவமால்லாம் சொல்லலைங்க. சாதாரணமாத்தான் சொன்னாரு. சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. அப்பறம் எழுந்துக்கவேயில்ல.”

“இன்னா சொன்னாரு?”

“‘போட்டாங்கடா தங்கவேலு. இப்பதான் என் தம்பி அத்த எடுத்து அடுப்புல போட்டான்’னாரு.”

தங்கவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு குணசீலனை நிமிர்ந்து பார்த்தான்.

“ஜொரத்துல ஏதோ பேசறாருன்னு நெனச்சேங்க. அப்டித்தானுங்களே?”